சலூன் நாற்காலியில் அங்கம்மா

கழுத்து வைத்தியன் என்று ஊரில் பெயர் வாங்கிய எனக்கு இன்று கழுத்து திரும்புவதில்லை. வீதியில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், கினிகத்தேனை மலைவளைவில் பஸ் திரும்புவதுபோல முழு உடம்போடும் திரும்புகிறேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதை என்று என் மனைவி சொல்லிச் சிரிக்காத வாரமில்லை. ஆகவே இந்தத் தொழிலில் புதிதாகக் கால் வைத்திருக்கும் நீங்கள் நான் எழுதுவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் உங்களில் சிலர் வீட்டுக்கு வந்தபோது, நான் எத்தனை கழுத்தை நிமிர்த்தினேன் என்று கேட்பீர்கள் என நினைத்து நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களோ, எந்தக் கழுத்தைத் தொடப் பயந்தீர்கள் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நல்ல சட்டை தேவைப்படாது.

நான் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். நடுவயதில் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போய் கைரோபிராக்டிக் படித்து வந்தேன். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இதை எட்டிப் பார்த்து வாசிக்கப்போகும் உங்கள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். முதுகிலும் கழுத்திலும் உள்ள மூட்டுகளைக் கையாலேயே அசைத்து, பிடிப்பை எடுத்து, வலியைக் குறைக்கிற வேலை அது. ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வீதியில் ஒரு மாடியறையை எடுத்து, வாசலில் பெரிய பெயர்ப்பலகை மாட்டினேன். பலகையில் இருந்த அந்தச் சொல்லை ஒருவராவது கடைசிவரை வாசித்ததாக எனக்கு நினைவில்லை. கொஞ்ச நாளிலேயே மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்வரை எனக்குச் ‘சொடக்கு டொக்டர்’ என்று பெயர் பரவிவிட்டது.

அந்தப் பெயரில் பாதி உரிமை என் அறைக்கு நேர் கீழே சலூன் வைத்திருந்த மணியத்துக்கு உண்டு. முடி வெட்டி முடிந்ததும் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, தோளைப் பிசைந்து, கடைசியில் ஒரு கையால் தாடையடி நாடியையும் மறு கையால் பிடரியையும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சொடக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடக்கு எடுத்துவிடுவது அவர் வழக்கம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தாராம். தோட்டத்து ஆண்கள் சம்பள நாளன்று அதற்காகவே வருவார்கள். நான் மேலே என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு செய்வதை அவர் கீழே ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இனாமாகச் செய்தார். படிக்கட்டில் பார்த்துக்கொண்டால் இருவரும் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொள்வோம். அவ்வளவுதான். அவருக்கு நான் பொழைப்பைக் கெடுக்க வந்தவன். எனக்கு அவர் என்றைக்காவது யாருடைய கழுத்தையாவது உடைத்துவிட்டு என் பெயரையும் சேர்த்துக் கெடுக்கப்போகிறவர்.

இந்தச் சத்தத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூட்டுக்குள் உள்ள நீரில் வாயு பிரியும்போது வரும் சத்தம் அது. வலி போவதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இதை நீங்களும் பரீட்சையில் எழுதித்தான் பாஸ் பண்ணியிருப்பீர்கள். ஆனால் வலியோடு வருகிறவர் அந்தப் பரீட்சை எழுதவில்லை. அவருக்குச் சத்தம் வந்தால்தான் வைத்தியம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே படிப்பித்து, இங்கேயே ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்னிடம் வருவார். எலும்பு மெலிந்த கழுத்து என்பதால் நான் அதில் வேகமாக எதையும் செய்வதில்லை. மெதுவாக நீவி, மெதுவாக அசைத்து, வீட்டில் செய்யச் சில பயிற்சிகளைச் சொல்லி அனுப்புவேன். அவருக்குத் திருப்தியே இல்லை. “என்ன டொக்டர், ஒண்டும் கேக்கேல்லையே” என்று ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். ஒரு நாள் அவரைப் படுக்கவைத்துவிட்டு, கீழே விழுந்த தலையணையை எடுக்க நான் குந்தினேன். என் முழங்கால் ‘டக்’ என்று ஒரு போடு போட்டது. அவர் கண்ணை மூடியபடியே, “ஆ, இப்பத்தான் விட்டது. பிடரி காத்து மாதிரிக் கிடக்கு” என்றார். எழுந்து என் கையைக் குலுக்கிவிட்டு, அடுத்த வாரம் மைத்துனரையும் அனுப்பிவைத்தார். எனக்குத்தான் இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

சிரியுங்கள். ஆனால் சத்தத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் முன்னால் சத்தம் போடாமல் வேலை செய்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். எனக்கு அது குறைவு. பொருத்தமான கழுத்து கிடைத்தால், வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கும்படி நன்றாகச் சொடக்கு எடுத்து அனுப்புவேன். திரைக்கு அப்பால் பெண்கள் ‘கேட்டுச்சா’ என்று பேசிக்கொள்வது என் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

அங்கம்மா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களில் வேலையில்லாத நாள் என்பதால் அறை நிறைந்திருந்தது. படியில்கூட ஆட்கள். அவருக்கு எழுபது வயதை நெருங்கியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும், ஆள் குறைவான நாட்களில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, மகளின் பிள்ளையை அவர்தான் வளர்க்கிறார். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் மகன் ரவி லீவு போட்டு வந்து அவரை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்வி என்ற பெண்ணும் தன் தோள்வலியைக் காட்டக் கூட வந்திருந்தாள்.

என்ன செய்கிறது என்று கேட்டேன். ரவி முந்திக்கொண்டு, கழுத்து வலி, பல மாதமாக, தைலம் பூசியும் கேட்கவில்லை என்று அடுக்கினான். அங்கம்மா, “கூடை தூக்குன கழுத்து டொக்டரு, வேற என்ன” என்று மட்டும் சொன்னார். எனக்கும் அதுவே தோன்றியது. வாழ்நாளெல்லாம் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி மலையேறியவரின் கழுத்து வலித்தால் அதற்குக் காரணம் தேட வேண்டுமா? இங்கே ஒவ்வொரு கழுத்து வலிக்கும் கூடைதான் காரணம். கால் வலிக்கு மலை, நெஞ்சு வலிக்குக் குளிர். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த எனக்கு அது பாடப்புத்தகத்தைவிட ஆழமாக மண்டையில் ஏறியிருந்தது. திரைக்கு அப்பால் காதுகள் காத்திருந்தன. நல்ல சொடக்குக்கு ஏற்ற நாள் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டே கையைத் தேய்த்துச் சூடாக்கினேன்.

என் அறையில் ஒரு சட்டம் உண்டு: வெற்றிலை போடக் கூடாது. சுவரெல்லாம் வெள்ளை அடித்து வைத்திருந்தேன். அங்கம்மா வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, துப்பிவிட்டு வரச் சொன்னேன். துப்பிவிட்டு வந்தவர் படுக்கையில் ஏறும்முன் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்துச் செல்வியிடம் கொடுத்து, “முடிஞ்சதும் போட ஒரு வாய் மடிச்சு வையி” என்றார். சட்டம் மீறப்படப் போகிறது என்ற கோபத்தில், உங்கள் வெற்றிலையை உங்களால் மடித்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். கோபத்தில் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய கூர்மதியைப் பற்றி இதற்குப் பிறகு யாராவது உங்களிடம் பெருமையாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

“விரலு பேச்சு கேக்க மாட்டேங்குது டொக்டரு” என்றார் அங்கம்மா. “சுண்ணாம்பு தடவப் போனா எலை கீழ வுழுந்துருது. வயசாச்சில்ல.”

தேய்த்துச் சூடாக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து இரண்டு விரலால் கொழுந்து கிள்ளியவருக்கு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ விரல் வரவில்லை. அதை வயதின் தலையில் கட்டிவிட முடியாது. கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னேன். காலை அகட்டி வைத்து, தரை எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்போல நடந்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தேன். சம்பந்தமில்லாத கட்டைவிரல் துடித்தது. மீதியை நீங்கள் அறிவீர்கள். கழுத்தெலும்புக்குள் போகும் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கழுத்தில் ஒரு சொடக்கு எடுத்தால் சத்தம் நன்றாகவே வந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கால்கள் மலையேறாமலே போயிருக்கலாம். 

இதுவரை எனக்கு அதிர்ஷ்டம். இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பமாகிறது.

ரவியை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். குரலைத் தாழ்த்தி, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிலைமையை விளக்கினேன். தாமதிக்காமல் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், படம் எடுத்துப் பார்த்து அறுவைச் சிகிச்சை செய்வார்கள், விட்டால் கைகால் விழுந்துவிடும், யாரையும் கழுத்தைத் தொடவிடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு நிறைவு. அங்கம்மாவிடம் திரும்பி, “இன்னைக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன்மா. எல்லாம் மகன்கிட்ட சொல்லியிருக்கேன்” என்று புன்னகை செய்தேன். பயப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை. அவர் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுக்கையிலிருந்து இறங்கினார். திரைக்கு அப்பால், சத்தமே வரவில்லையே, இதற்கா இவ்வளவு தூரம் வந்தது என்று முணுமுணுப்பு எழுந்தது. ரவி அம்மாவைக் கீழே பக்கத்துக் கடைவாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வேன் பிடிக்க ஓடினான். நான் செல்வியின் தோளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கீழே சலூன் ரேடியோ திடீரென்று நின்றது. ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒரு பெண், “ஐயையோ, அங்கம்மாக்கா சலூன்ல போயி ஒக்காந்திருக்கு” என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஆண்கள் சலூனுக்குள் கால் வைப்பதில்லை. ஏன் என்று நினைக்க எனக்கு நேரமில்லை. மேலே நான் செய்ய மறுத்ததைக் கீழே இனாமாகச் செய்துகொள்ளப் போயிருக்கிறார், அறியாமை, என்று மட்டும் நினைத்தேன். செல்வியின் கையை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. படியில் ஒரு செருப்பு கழன்று எனக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தது.

சலூன் வாசலில் நான் கண்டதை இன்னும் மறக்கவில்லை. சுற்றும் நாற்காலியில் அங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மணியம் பின்னால் நின்று தோளைப் பிசைந்து முடித்துவிட்டு, ஒரு கையை நாடியிலும் மறு கையைப் பிடரியிலும் வைத்திருந்தார். பெஞ்சில் ஆண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணியத்தின் வரிசை எனக்குத் தலைகீழ்ப் பாடம். தினமும் படியிறங்கும்போது பார்த்தும், என் தரைக்குக் கீழிருந்து கேட்டும் இருக்கிறேனே. நாடியைப் பிடித்து இரண்டு முறை மெல்ல ஆட்டுவார், வாடிக்கையாளரிடம் ஏதாவது கேட்டுக் கவனத்தைத் திருப்புவார், அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் இழுப்பார். அப்போது அவர் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கத்த வாய் வந்துவிட்டது. கத்தினால் மணியம் திடுக்கிடுவார். கழுத்து அவர் கையில் இருக்கிறது. அங்கம்மாவும் திடுக்கிட்டுத் திரும்புவார். பாய்ந்து கையைப் பிடித்தாலும் அதே கதைதான். தவிரவும், ஐந்தாறு வாடிக்கையாளர் முன்னால் ‘உனக்கு இதெல்லாம் தெரியாது, கையை எடு’ என்று நான் சொன்னால், அவர் தெரியும் என்று காட்டத்தான் பார்ப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

ஒற்றைச் செருப்போடு உள்ளே போய், பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை சாதாரணமான குரலில், “மணியம், எனக்கு முதல்ல பாருங்க. அவசரம்” என்றேன்.

அவர் கை நாடியிலேயே இருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். அந்தத் தலையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது ஹட்டன் முழுவதும் தெரிந்த விஷயம். டொக்டருக்கு எதை வெட்டுவது என்று அவர் கேட்க, பெஞ்ச் முழுக்கச் சிரித்தது.

“வெட்ட வேணாம்” என்றேன். “கழுத்து புடிச்சிருக்கு. சொடக்கு எடுத்து விடுங்க.”

சிரிப்பு நின்றது. சவரத்துக்குக் காத்திருந்த ஒரு பஸ் கண்டக்டர், பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில், இவர் மேல்மாடி டொக்டர் மாத்தயாதானே என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. படியில் காத்திருந்த என் நோயாளிகள் எல்லாரும் வாசலில் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மணியத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அங்கம்மாவின் நாடியிலிருந்து கையை எடுத்து, “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, என் பின்னால் வந்து நின்றார். இத்தனை வருடம் தலைக்கு மேல் நடந்தவன் கடைசியில் கைக்குக் கீழே வந்துவிட்டேன். அந்த மகிழ்ச்சியை அவர் அவசரப்படாமல் அனுபவித்தார். துணியை உதறிக் கட்டினார். எண்ணெயை ஊற்றி என் மண்டையில் தட்டினார். தாளம் தவறாமல் தட்டினார். வாசலில் ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

கடைசியில் அவர் கை என் நாடிக்கு வந்தது. அவருடைய காது என் வாய்க்குப் பக்கத்தில் வருவதற்காகத்தான் இவ்வளவும். உதடு அசையாமல் சொன்னேன்: “மணியம், அந்தம்மாவோட கழுத்துக்குள்ள பெரிய நரம்பு நசுங்கிக் கெடக்கு. சொடக்கு எடுத்தா கைகால் வுழுந்துரும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்.”

என் நாடியில் இருந்த விரல்கள் இறுகி, பிறகு தளர்ந்தன. “நெசமாவா டொக்டர்” என்று மட்டும் கேட்டார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அதிலிருந்த வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். என்னை அப்படியே விட்டுவிட்டு அங்கம்மாவிடம் போனார். நாற்காலியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். அவருக்கு முன்னால் தரையில் வெட்டிய முடியின்மேல் குந்தி உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளில் எடுத்துக்கொண்டார்.

“அம்மா, இந்தக் கழுத்துல நான் கை வைக்க மாட்டேன். ஒங்க கையும் காலும் வேலை செய்யுற நரம்பு உள்ள நசுங்குதாம். ஆஸ்பத்திரியிலதான் அத சரி பண்ண முடியும். ஒங்க வீட்டுக்காரருக்கு வருசக்கணக்கா கழுத்து பாத்தவன் சொல்றேன், கேளுங்க.”

அங்கம்மாவின் கணவர் மணியத்தின் பழைய வாடிக்கையாளர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.  தோட்டத்தில் ஒருத்தர் முதுகுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்து படுத்தவர் எழும்பவே இல்லை, தன்னையும் அப்படிப் படுக்கையில் போட்டுவிடுவார்களா, பிள்ளையை யார் பார்ப்பது என்று அங்கம்மா கேட்டார். மணியம் தனக்குத் தெரியாது என்றார். தெரிந்தவர் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார், அவரிடமே கேளுங்கள் என்று என்னைக் காட்டினார்.

கழுத்தில் துணியோடும் மண்டையிலிருந்து காதுக்கு வழியும் எண்ணெயோடும் நான் முதன்முறையாக அங்கம்மாவிடமே அவர் நோயைப் பற்றிப் பேசினேன்.

“போகாட்டி கொஞ்சம் கொஞ்சமா படுக்கைக்குத்தான் கொண்டு போகும்மா. போனா இப்ப இருக்கிறத காப்பாத்தலாம். போனதெல்லாம் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

ரவி வேனோடு வந்து இறங்கி, அம்மாவைச் சலூனுக்குள் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் செல்வி வாசலிலிருந்து சொன்னாள். அங்கம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, மணியத்தின் தோளைப் பிடித்து எழுந்து, நேரே வேனில் போய் ஏறினார். மணியம் துணியை மடித்துக்கொண்டு நின்றார்.   அன்றிலிருந்து வயதானவர்களுக்குச் சொடக்கு எடுப்பதை அவர் விட்டுவிட்டார். சந்தேகம் வந்தால் மேலே அனுப்பினார். நான் தினமும் மாலையில் கீழே போய் அவரோடு பிளேன்டீ குடிக்க ஆரம்பித்தேன்.

இதுவரை வந்த கதையைப் பல மாதம் நான் வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டொக்டரின் சமயோசிதம், தோட்டத்துக் கிழவியின் அறியாமை, வழுக்கைத் தலையில் விழுந்த தாளம். சொல்லச் சொல்லத் தாளம் கூடியது, கிழவியின் அறியாமையும் கூடியது. ஒரு கூட்டத்தில் நான் இதைச் சொல்லி நம் தொழில்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலைகுனிந்தேன். அப்போது குனிய முடிந்தது.

பிறகு ஒரு நாள் அங்கம்மா ரவியோடு வந்தார். கண்டியில் ஆபரேஷன் முடிந்து, நல்லபடியாகத் தேறியிருந்தார். கையில் ஒரு தடி. ஆனால் படியைத் தானே ஏறி வந்தார். விரல்களில் மரத்துப்போனது முழுக்கப் போகவில்லை. இனிக் கொழுந்தெடுக்க முடியாது என்பதை அவராகவே சொன்னார். நான் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கேலியாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, அன்றைக்கு என்மேல் நம்பிக்கையில்லாமல்தானே சலூனுக்குப் போனீர்கள், சத்தம் வரவில்லை என்று கோபமா என்று கேட்டேன்.

“சத்தத்துக்கா?” என்றார். “நீங்க அவன ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போயி குசுகுசுன்னு பேசுனீங்க. அவன் மொகம் செத்துப் போச்சு. என்கிட்ட வந்து சிரிச்சீங்க. சரி, நாம சாகப் போறோம்னு நெனச்சிக்கிட்டேன். வலியில நான் படுத்துத் தூங்கி எத்தனையோ நாளாச்சு டொக்டரு. எங்க வீட்டுக்காரரு இந்தச் சலூனுக்கு வந்துட்டு வர்ற அன்னைக்கு அசந்து தூங்குவாரு. சாகுறதுக்குள்ள ஒரு ராத்திரி அப்படித் தூங்கிட்டுப் போவோம்னுதான் போயி ஒக்காந்தேன்.”

 எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கழுத்தை நான் மணியத்தின் கையிலிருந்து காப்பாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அதை அந்தக் கைக்கு அனுப்பிவைத்தது யார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. மகனிடம் நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கழுத்துக்குச் சொந்தக்காரர் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்து, “இப்பத் தூக்கம் வருதாம்மா?” என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற ரவி பதில் சொல்ல வாயெடுத்தான். அங்கம்மா தடியை அவன் பக்கம் லேசாக நீட்டி நிறுத்தினார்.

“என்கிட்ட கேக்குறாரு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தூங்குறேன் டொக்டரு” என்றார்.